குரைக்காத நாய்க்கு ஒரு கையெழுத்து

லுவேவே, புலவாயோ
ஜூலை 10

பெகெசெலா அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நேற்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

சமையலறையில் என் மகள் நோமாலாங்கா, வயது ஒன்பது, தனியாக. பின்முற்றத்தில் உங்கள் நாய் புல்லட், சங்கிலியில். வேலிக்கு அந்தப் பக்கம் மா-சிபாண்டா, துணி காயப்போட்டுக்கொண்டு. தெருமுனையில் தண்ணீர் லாரி வரிசையில் நான், இருபத்து மூன்றாவது ஆள். நீங்கள் பூட்டி வைத்திருக்கும் முன்னறையில் ஒரு திருடன்.

ஜன்னல் கண்ணாடி உடைந்தது மா-சிபாண்டாவுக்குக் கேட்டிருக்கிறது. "நீதான் எதையோ போட்டு உடைச்சிட்டேன்னு நெனச்சேன்" என்கிறாள். புல்லட் தொண்டை கிழியக் குரைத்திருக்கிறது. அது தபால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், பட்டாம்பூச்சியைப் பார்த்தாலும் குரைக்கும். யார் எட்டிப் பார்ப்பார்கள்? நோமாலாங்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் துணி எடுக்கத் திரும்பியிருக்கிறாள். இரண்டடி தூரத்தில் அவன் நின்றிருக்கிறான், முன்னறைப் பூட்டை உள்ளிருந்து பெயர்த்துவிட்டு, உங்கள் டிவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்திருக்கிறான். சத்தம் போடாதே என்று, என் பிள்ளையிடம்.

நான் வந்தபோது மேசைக்கடியில் இருந்தாள். என்ன நடந்தது என்று கைச்சாடையில் கேட்டேன். அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அதைத் தவிர வேறெதையும் இதுவரை காட்டவில்லை.

காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துவிட்டேன். தொலைபேசியில் நீங்கள் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறீர்கள், அதனால் சரக்கு வேன் ஓட்டும் மாகாயாவிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கர்த்தர் அந்த ஊரில் உங்களைக் காக்கட்டும்.

தங்கை,
சாமுகெலே


ஜோகன்னஸ்பர்க்
ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

இங்கே நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். கடிதம் கிடைத்தது. மிகவும் வருத்தப்பட்டேன்.

டிவியோடு ரிமோட்டும் போய்விட்டதா? சோபாவின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று பார். கண்ணாடிக்கு இரும்புக் கம்பி வைக்க வேண்டும். என் வீட்டுக்குள் ஒருவன் இவ்வளவு சுலபமாக நுழைந்தான் என்றால் நீ எங்கே போயிருந்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். முன்னறைக்கு மாகாயாவிடம் புதிய பூட்டு அனுப்பியிருக்கிறேன், சாவி அதோடு இல்லை, என்னிடம் இருக்கிறது. இனி வெளியே போகும்போது பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு அலுமினியச் சட்டியை வை, யாராவது தள்ளினால் விழும்.

பிள்ளையைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அண்ணன்,
பெகெசெலா


லுவேவே
ஆகஸ்ட் 5

அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பிரித்து வைத்து எண்ணினேன். எனக்கு அது பழக்கம். டிவி மூன்றாம் வரியில் வருகிறது. பிள்ளை கடைசி வரியில் வருகிறாள். நடுவில் ஒரு சட்டி வருகிறது. அந்தச் சட்டி விழுந்தால் யாருக்குக் கேட்கும் என்று நீங்கள் ஒரு கணம் யோசித்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சோபாவின் உறை கிழியவில்லை. கேட்காததற்குப் பதில்: நோமாலாங்கா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். நான் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறாள். சுவரில் முதுகு சாய்த்துத்தான் சோளக்களி சாப்பிடுகிறாள். பள்ளிக்குப் போவதில்லை.

காதுகேளாதோர் பள்ளியின் ஆசிரியை வந்து பார்த்தார். வீட்டுக்குள்ளேயே, பிள்ளையோடு இருக்கிற நாய் ஒன்று வேண்டும் என்றார். முகம் சுளித்தேன், மறைக்கவில்லை. அப்பா இருந்தபோது நாய் வாசற்படியைத் தாண்டியதுண்டா? வியாழக்கிழமை ஜெபத்துக்கு வரும் பெண்கள் என் தரையில் முழங்காலிடுவார்கள், அதில் நாய் மயிர் இருந்தால் என்ன ஆகும்? மூன்று நாள் ஜெபித்தேன். ஆனால் பிள்ளையின் கை என் பாவாடையை விடவில்லை. நாலாம் நாள் இரண்டு பேரும் நாய்க் காப்பகத்துக்குப் போனோம்.

முப்பத்தொரு நாய்கள். ஒன்றைத் தவிர அத்தனையும் கம்பியில் தாவிக் குரைத்ததில் எனக்குத் தலை வலித்தது. நோமாலாங்கா சிரித்தாள். அண்ணா, அவளுக்கு முப்பது வாய் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மா-ந்யாதி எங்களை நேராக ஒரு பெரிய வெள்ளை நாயிடம் கூட்டிப்போனார். காவலுக்கு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். பிள்ளை அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

கடைசிக் கூண்டில் ஒரு பழுப்புப் பெட்டை. எழுந்திருக்கவுமில்லை, குரைக்கவுமில்லை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். அந்த நாய் எழுந்து வந்து, கம்பி வழியாக மூக்கால் பிள்ளையின் முழங்காலைத் தள்ளியது. தள்ளிவிட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தது. மறுபடி தள்ளியது. நோமாலாங்கா திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். பிறகு நாயைப் பார்த்தாள். பிறகு என் பாவாடையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"அது குரைக்காதும்மா," என்றார் மா-ந்யாதி. "ஏழு மாசமா இங்க கிடக்குது. குரைக்காத நாய் எதுக்குன்னு எல்லாரும் பாத்துட்டுப் போயிடறாங்க."

"எங்க வீட்டுல குரைச்சா மட்டும் யாருக்குக் கேக்கப் போகுது? இதத்தான் தேடிட்டிருந்தோம்" என்றேன்.

வீடு யாருடையது என்று படிவத்தில் கேட்டார்கள். பொய் எழுதக் கூடாதென்று உங்கள் பெயரை எழுதினேன். அப்படியானால் நாய் வீட்டுக்குள் இருக்கலாம் என்று உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இதற்கு முன் வேறு வீடுகளுக்குக் கொடுத்த இரண்டு நாய்களை வீட்டுக்காரர்கள் துரத்தி, அவை தெருவில் செத்துப்போயினவாம். படிவம் இத்துடன் இருக்கிறது, கீழே பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். ஒரு கையெழுத்துதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் வராமல் பனியில் கழுத்தை மூடுங்கள்.

சாமுகெலே


ஜோகன்னஸ்பர்க்
ஆகஸ்ட் 30

தங்கைக்கு ஆசிகள்.

உடம்பு பரவாயில்லை. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

வீட்டுக்குள் நாய் என்று எழுதியிருக்கிறாய். அது என்ன வெள்ளைக்காரர் பங்களாவா? அப்பா கட்டிய வீடு. அதில் நாய் படுத்து எழுந்தால் தெருவில் என் பெயர் என்ன ஆகும்? அதோடு நான் பதினெட்டு வருஷம் துண்டு துண்டாக அனுப்பிய சாமான்கள் அங்கே இருக்கின்றன. வேண்டுமானால் அந்த வெள்ளை நாயை வாங்கி வெளியே கட்டு. புல்லட்டுக்குத் துணையாக இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பயம் தானாகப் போய்விடும். அடுத்த வேனில் சமையல் எண்ணெய் அனுப்புகிறேன்.

அண்ணன்,
பெகெசெலா


லுவேவே
செப்டம்பர் 12

அண்ணாவுக்கு,

நலம்தானே? எண்ணெய் வரவில்லை. அதைக் கேட்கவில்லை. படிவமும் வரவில்லை. அதைத்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று அதில் எழுதி அனுப்பியிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். நீங்கள் எழுதவுமில்லை, திருப்பவுமில்லை.

தெருவில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அப்பாவுக்குப் படுக்கைப்புண் வந்து கிடந்த இரண்டு வருஷம் துடைத்து எடுத்தவள் நான். அப்போது உங்கள் பெயர் இந்தத் தெருவில் எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. திருடன் வந்தது உங்கள் சாமானுக்காக. அதற்குக் காவலாக நின்றது ஒரு காது கேளாத பிள்ளை. அவளுக்கு நீங்கள் தர வேண்டியது மூன்று அங்குல மை.

நாங்கள் வாரம் ஒருமுறை போய் அந்த நாயைப் பார்த்துவிட்டு வருகிறோம். நோமாலாங்கா நாள்காட்டியில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போடுகிறாள். காப்பகத்தில் இடமில்லை, அக்டோபர் முப்பத்தொன்று வரைதான் வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு கொல்லும் ஊசி. மா-ந்யாதி அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாயின் பெயர் பாஸோதினி. கேட்டதும் சிரித்துவிட்டேன், உங்களுக்கும் சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன். ஒரு நாய்க்கு 'என்ன சொல்லுவார்கள்' என்று பெயர், கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது படிவம் வைத்திருக்கிறேன். பென்சில் குறி அதே இடத்தில். உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சாமுகெலே


ஜோகன்னஸ்பர்க்
செப்டம்பர் 20

சாமுகெலே,

வாயால் சொல்லத் துணிவில்லாதவர்கள் நாய்க்குப் பெயர் வைத்துச் சொல்வார்கள். நம் அத்தைமார் மைத்துனிகளோடு சண்டை போட்டது அப்படித்தான். எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? 'என்ன சொல்லுவார்கள்.' யார் சொல்லுவார்கள்? எதைப் பற்றி? யார் உன் காதில் என்ன ஓதினார்கள்? நகராட்சி வீட்டு அலுவலகத்துக்கு உன்னை அனுப்பியது யார், மா-சிபாண்டாவா? அங்கே இருக்கிறவர்கள் பழைய காகிதத்தைப் பார்த்து ஆயிரம் சொல்வார்கள். அதெல்லாம் அப்பா உடம்பு முடியாமல் இருந்த காலத்தில் நடந்தது, அதற்கு அர்த்தமில்லை. மூத்த மகன் யார் என்று உனக்குத் தெரியும்.

எனக்குச் செய்தி சொல்ல ஒரு நாயை வளர்க்க வேண்டாம்.

பெகெசெலா


லுவேவே
அக்டோபர் 8

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்டு வைக்கிறேன்.

உங்கள் முதல் கடிதம் பதினேழு நாளில் வந்தது. இரண்டாவது இருபத்தைந்து நாளில். இது எட்டே நாளில் வந்தது. அதிலேயே எனக்கு ஏதோ உறுத்தியது.

நாய்க்குப் பெயர் வைத்தது நான் இல்லை. தனியாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வைத்தது. வீட்டுக்குள் நாய் வளர்க்கிறாள் என்று அக்கம்பக்கம் பேசியதற்காக, அவர்கள் காதில் விழட்டும் என்று அப்படிக் கூப்பிட்டாராம். அவர் செத்த பிறகு நாய் காப்பகத்துக்கு வந்தது. பெயர் அவர்களுக்கு வைத்தது, அண்ணா. நீங்கள்தான் குனிந்து எடுத்துக்கொண்டீர்கள்.

வீட்டு அலுவலகத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை அங்கே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை. மறுநாள் காலை போனேன். ஜெபச் சங்கத்தின் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலரும் போட்டுக்கொண்டு போனேன், யாரும் என்னை வரிசையிலிருந்து விரட்டக் கூடாதென்று. நம் வீட்டு எண்ணைச் சொன்னேன். குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் பிரித்தார்.

"யாரு பேரைப் பாக்கணும்?"

"எங்கண்ணன் பெகெசெலா பேரை."

"அப்படி ஒரு பேரே இதுல இல்லையேம்மா."

"அப்ப எங்கப்பா பேர்லயே இருக்கா?"

"அவர் பேரைச் செவப்பு மையில கோடு போட்டு அடிச்சிருக்கு. அவரே வந்து மாத்திக் குடுத்திருக்காரு. கீழ சாமுகெலேன்னு ஒரு பொண்ணு பேரு. அது யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரிந்தவள்தான் என்று சொல்லி என் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன்.

அப்பா படுக்கையில் விழுவதற்கு முன் நடந்திருக்கிறது. தடி ஊன்றி, தானே நடந்து போய்ச் செய்திருக்கிறார். உடம்பு முடியாத காலம் என்று எழுதினீர்களே, அது பொய். அதே வரியின் ஓரத்தில் இன்னொரு குறிப்பு: பத்திர நகலைப் பெற்றுக்கொண்டவர், மகன். தேதியைக் கணக்குப் பார்த்தேன், அப்பாவை அடக்கம் செய்த இருபத்தாறாம் நாள். பக்கத்தில் உங்கள் கையெழுத்து. இரண்டு மாதமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்த கையெழுத்து ஆறு வருஷமாக அங்கே இருந்தது.

தவறு என்னிடமும் இருக்கிறது. அப்பாவின் ஈட்டியும் கோலும் மூத்த மகனுக்கு என்று பெரியவர்கள் கூடிக் கொடுத்தபோது, வீடும் அதோடு போய்விட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு ரசீதையும் தேதிப்படி கோத்து வைத்திருக்கிறேன், ஒன்றிலாவது பெயர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வீட்டு எண்தான் இருக்கும். ஆனால் நான் அறியாமல் இருந்தேன். நீங்கள் அறிந்து இருந்தீர்கள். என் வீட்டின் முன்னறைக்குப் பூட்டு அனுப்பி, சாவியை உங்களிடம் வைத்துக்கொண்டீர்கள். என் பிள்ளைக்கு ஒரு நாய் வேண்டும் என்று என் வீட்டில் உங்களிடம் அனுமதி கேட்டேன். அதை இரண்டு மாதம் கேட்க விட்டீர்கள்.

படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சில் குறி போட்ட இடத்தில்.

சாமுகெலே


லுவேவே
நவம்பர் 2

அண்ணாவுக்கு,

உடல்நலம் விசாரிக்கிறேன். என் கடிதத்தை வேனுக்குப் பக்கத்தில் நின்றே படித்தீர்கள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்கள் என்று மாகாயா சொன்னார். மூன்று வாரம் பொறுத்தேன். பதில் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மா-ந்யாதி வீட்டைப் பார்க்க வந்தார். நாய் எங்கே படுக்கும் என்று கேட்டார். சமையலறையில் சாக்கு விரித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். நோமாலாங்கா அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தைக் காட்டினாள். மா-ந்யாதி காட்டிய இடத்தைத்தான் எழுதிக்கொண்டார், என் சாக்கை எழுதிக்கொள்ளவில்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி பாஸோதினி வீட்டுக்கு வந்தது. வாசற்படியில் நான் ஒரு கணம் நின்றேன், பழக்கம். அது நிற்கவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு கதவையும் முகர்ந்துவிட்டு நடுவில் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமைப் பெண்கள் வந்தார்கள். "நாயை உள்ள வெச்சிருக்கியாமே?" என்றாள் ஒருத்தி. "ஆமா, நீ உக்காந்திருக்கிற பாய் அதோடதுதான்" என்றேன். எழுந்துகொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெபம் வழக்கம்போல் நடந்தது.

நாலாம் நாள் மாலை நான் மாவு கிளறிக்கொண்டிருந்தேன். யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். எழப்போனேன், கை கரண்டியில் இருந்தது. அதற்குள் நாய் கதவுவரை போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி, நோமாலாங்காவின் முழங்காலைத் தள்ளியது. கதவைப் பார்த்தது. மறுபடி தள்ளியது. அவள் சுவரை விட்டு எழுந்தாள். நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே மா-சிபாண்டா, கையில் ஒரு கிண்ணம் வேர்க்கடலையோடு. ஜூலைக்குப் பிறகு பிள்ளை தானாகத் திறந்த முதல் கதவு அது. மா-சிபாண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கடலைதானே கொண்டு வந்தேன், நீ எதுக்கு அழற?" என்று என்னைக் கேட்டாள்.

திங்கள் முதல் பள்ளிக்குப் போகிறாள்.

உங்கள் பதில் எங்கே?

சாமுகெலே


ஜோகன்னஸ்பர்க்
நவம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. பிள்ளை பள்ளிக்குப் போவது நல்ல செய்தி.

நான் யோசித்துப் பார்த்தேன். நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். படிவத்தில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காப்பகத்தில் கொடுத்துவிடு, பின்னால் பிரச்சினை வரக் கூடாது.

இங்கே வேலை முன்போல் இல்லை. வேறு இடத்துக்கு மாறியிருக்கிறேன். இந்த ஊரில் பதினெட்டு வருஷமும் அடுத்தவர் வீட்டுப் பின்னறையில்தான் படுத்திருக்கிறேன். சில இரவுகள் அந்த சோபாவை நினைத்துக்கொள்வேன், நான் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்று இருக்கிறேன். அந்த நாய் புது ஆட்களைக் கடிக்குமா?

அண்ணன்,
பெகெசெலா


லுவேவே
நவம்பர் 25

அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முதுகு குணமாக வேண்டும் என்று நேற்றும் ஜெபித்தேன். கோபத்தோடுதான் ஜெபித்தேன், ஆனாலும் விடவில்லை.

படிவம் வந்தது. ஆகஸ்டில் வந்திருந்தால் உங்களுக்காக ஊரையே கூட்டி நன்றி சொல்லியிருப்பேன். இப்போது, எல்லாம் எழுதிய பிறகு, 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு நேராக உங்கள் பெயரை எழுதி எனக்கே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கிழிக்கப்போனேன். நோமாலாங்கா அதை என் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கம் நாயின் படம் வரைந்துவிட்டாள். சுவரில் ஒட்டியிருக்கிறோம், படம் வெளியே தெரிய.

பின்னறையில் படுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஆறு வருஷத்தில் அதை ஒரே ஒரு முறை எழுதியிருந்தால் முன்னறையை நானே பெருக்கி, உங்களுக்கென்று கட்டில் போட்டு வைத்திருப்பேன். என்னிடம் கேட்டால் கிடைத்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டீர்கள். என் பிள்ளை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சாப்பிட்டதைத் தெரிந்துகொண்டும் வாயைத் திறக்கவில்லை. வீட்டை மறைத்ததை நான் ஒருவேளை மறந்துபோவேன். அந்த இரண்டு மாதத்தை மறக்க எனக்கு இன்னும் பலம் வரவில்லை.

நாய் கடிக்காது. நீங்கள் வந்து நின்றால் அது பிள்ளையிடம் போய்ச் சொல்லும், அவள் வந்து கதவைத் திறப்பாள். அவளுக்கு உங்கள் மேல் கோபமில்லை, அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளே நான் இருப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சோறு போட எனக்கு ஒன்று வேண்டும். கூட்டம் கூட்ட மாட்டேன், பெரியப்பாக்களிடம் காட்ட மாட்டேன். 'வீடு உன்னுடையது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன்' என்று உங்கள் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மாகாயா அங்கிருந்து டிசம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அதற்குள் பதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தங்கை,
சாமுகெலே